பத்திரத்தில் எத்தனை தேதிகள்?

மூணாறு, டாப் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று சொல்வார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிக்கொண்டிருந்த குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போனது அந்த வெள்ளம்தான். அந்த ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பியில் தொங்கியபடியே, நம் குரங்கணிக்குப் பக்கத்தில் இருக்கும் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வரும். வெள்ளம் வந்தது 1924 ஜூலையில். அப்புறம் தொண்ணூற்றொன்பது எங்கிருந்து வந்தது? அது கொல்லம் ஆண்டு 1099. மலைக்கு மேலே திருவிதாங்கூர் சமஸ்தானம். அவர்கள் கணக்கு வேறு. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் 1999 என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வெள்ளத்தின் வருஷத்தைத் தப்பாகச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. பத்திரத்தின் வருஷத்தைத் தப்பாகப் படித்தால் நஷ்டம் உண்டு. போடியில் வீடு, மேலே ஏலத்தோட்டம் என்று மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்கள் நம்மூரில் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தால் நாலு விதமான காலக்கணக்கு ஒரே கட்டில் கிடக்கும். தமிழ் வருஷப் பெயர் போட்டவை, பசலி போட்ட தீர்வை ரசீதுகள், இங்கிலீஷ் தேதி போட்ட பதிவுப் பத்திரங்கள், கொல்லம் ஆண்டு போட்ட மலைக் காகிதங்கள். பேரன்மார் அதை செல்போனில் படம் பிடித்து வக்கீலுக்கு அனுப்புகிறார்கள். எந்தத் தேதி எதற்கானது என்பது மட்டும் பலருக்குப் புரிவதில்லை.

முதலில் தமிழ் வருஷம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது; முடிந்தால் மறுபடி பிரபவ. 'நந்தன வருஷம் ஐப்பசி 12' என்று மட்டும் ஒரு ஓலையிலோ காகிதத்திலோ இருந்தால் அது 1892 ஆகவும் இருக்கலாம், 1952 ஆகவும் இருக்கலாம். 2012-லும் ஒரு நந்தன வந்து போனது. காகிதத்தில் விக்டோரியா ராணியின் தலை இருந்தால் 1892 என்று நிம்மதியாகச் சொல்லலாம். ராணி 1901-இல் காலமாகிவிட்டார்.

தமிழ் எண்கள் இன்னொரு தொல்லை. பழைய எழுத்தர்கள் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்று சுழித்துவிட்டு, 1892 என்பதை ௲௮௱௯௰௨ என்று எழுதுவார்கள். ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, இரண்டு. இதில் கவனிக்க வேண்டியது வால். ஒன்றுக்கு ௧, ஒன்பதுக்கு ௯. நாலுக்கு ௪, ஆறுக்கு ௬. வால் உள்ளது பெரிய எண், வால் இல்லாதது சின்ன எண். மை மங்கி, அல்லது மடிப்பில் காகிதம் தேய்ந்து, வால் போய்விட்டால் ஒன்பது ஒன்றாகிவிடும், ஆறு நாலாகிவிடும். பூதக்கண்ணாடி வைத்து வால் இருந்த தடத்தைப் பார்க்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட, காகிதத்தையே வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பது நல்லது.

பசலி நமக்குப் பழகியதுதான். முகலாயர் காலத்து வரி வருஷம். அறுவடையை ஒட்டி வரி வாங்குவதற்காக ஏற்பட்டது. நம் மாகாணத்தில் ஜூலை 1-ஆம் தேதி தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய இங்கிலீஷ் வருஷம் வரும். பசலி 1362 என்றால் 1952 ஜூலையிலிருந்து 1953 ஜூன் வரை. கிஸ்தி ரசீது, அடங்கல், ஜமாபந்தி எல்லாம் இந்தக் கணக்கில்தான் நடக்கும். ஆகவே ரசீதில் பசலி 1362 என்று இருந்தால் அது பணம் கட்டிய நாள் ஆகாது, எந்த வருஷத்துத் தீர்வை என்பதைத்தான் அது சொல்கிறது. கட்டிய தேதி கீழே கையெழுத்துப் பக்கம் தனியாக இருக்கும். மூன்று பசலிப் பாக்கியை ஒரே நாளில் கட்டியவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர்.

கொல்லம் ஆண்டுதான் மலைக்காரர்களைப் படுத்துவது. அது கி.பி. 825-இல் தொடங்குகிறது. சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, அதற்கு வருஷப் பிறப்பு. ஆகவே சிங்கம் முதல் டிசம்பர் முடிய 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி முதல் கர்க்கடகம் முடிய 825. வெள்ளம் வந்தது 1099 கர்க்கடகத்தில். அடுத்த மாதமே 1100 பிறந்துவிட்டது. இரண்டும் 1924-தான். கண்ணன் தேவன் மலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பூஞ்சார் ராஜா ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு அவற்றை எழுதிக்கொடுத்தது 1877 ஜூலை 11. திருவிதாங்கூர் அரசு அதற்கு ஒப்புதல் தந்தது 1878 நவம்பரில். கொல்லத்தில் சொன்னால் 1052-இல் எழுதி 1054-இல் ஒப்புதல். கேட்பவருக்கு இரண்டு வருஷம் ஆனது போலத் தோன்றும். உண்மையில் பதினாறரை மாதம்தான்.

ஆகவே 1952 அக்டோபர் கடைசி வாரம் என்ற ஒரே காலம் நம் பெட்டியில் நாலு பெயரில் இருக்கும். நந்தன ஐப்பசி; பசலி 1362; கொல்லம் 1128 துலாம்; பிறகு இங்கிலீஷ் தேதி. நாலையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால் எந்தக் காகிதம் எதற்கு ஜோடி என்று தானே தெரிந்துவிடும்.

இனி பதிவுப் பத்திரத்துக்கு வருகிறேன். இங்கே காலக்கணக்கு ஒன்றுதான், ஆனால் ஒரே பத்திரத்துக்குள் தேதிகள் பல. நம் நாட்டில் சொத்துப் பத்திரங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று வந்தது 1864-ஆம் வருஷத்து 16-ஆம் சட்டம். இடையில் இரண்டு மூன்று முறை மாற்றி எழுதி, இப்போது நடப்பது 1908-ஆம் வருஷத்து 16-ஆம் சட்டம். இரண்டுக்கும் அதே பதினாறு வந்தது தற்செயல்தான்.

ஒரு கிரயப் பத்திரத்தைப் புரட்டுங்கள். முத்திரைத்தாள் வாங்கிய தேதி, விற்பனையாளர் கையெழுத்தோடு இருக்கும். உள்ளே முதல் வரியில் எழுதிக்கொடுத்த தேதி. பின்பக்கம், சார்பதிவாளர் முன் தாக்கல் செய்த தேதி. பழைய பத்திரங்களில் பகல் 11-க்கும் 12-க்கும் இடையே என்று மணி கூடப் போட்டிருப்பார்கள், ஏனென்றால் நாளும் நேரமும் இடமும் குறிக்க வேண்டும் என்பது சட்டம். கடைசியாக, 1 புத்தகம், இத்தனாவது தொகுதி, இத்தனை முதல் இத்தனை பக்கம், இந்த வருஷத்திய இந்த எண்ணாகப் பதியப்பட்டது என்று ஒரு சான்று. அதற்கு ஒரு தேதி. இப்போதைய வில்லங்கச் சான்றிலும் எழுதிக்கொடுத்த நாள், தாக்கல் நாள், பதிவு நாள் என்று மூன்றும் ஒரே கட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகின்றன. சாதாரணமாக மூன்றும் ஒரே நாளாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. வேறுபடும்போதுதான் கேள்வி வருகிறது.

நம்மூரில் பெரும்பாலோர் நம்புவது, முதலில் பதிந்தவனுக்கே சொத்து என்பது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் ஜனவரி 10-ஆம் தேதி முதல் ஆளுக்குக் கிரயம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பதிவு மார்ச்சில்தான் நடக்கிறது. இடையில் பிப்ரவரியில் அதே நிலத்தை இரண்டாம் ஆளுக்கு எழுதி, அன்றைக்கே பதிந்தும் கொடுத்துவிடுகிறார். நிலம் யாருக்கு? முதல் ஆளுக்குத்தான். பதிவுச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி, பதிந்த பத்திரம் பதிவு நாளிலிருந்து நடைமுறைக்கு வருவதில்லை. பதிவே தேவையில்லாத பத்திரமாக இருந்தால் எந்த நாளிலிருந்து செல்லுமோ, அந்த நாளுக்குப் பின்னோக்கிப் போய்விடும். பொதுவாக அது எழுதிக்கொடுத்த நாள். இதற்கு ஒரு வரம்பு உண்டு. எழுதிய நாலு மாதத்துக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் தகுந்த காரணம் காட்டி, பதிவுக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் கட்டி, இன்னொரு நாலு மாதம் கிடைக்கலாம். அதற்கு மேல் இல்லை. உயிலுக்கு மட்டும் கெடு கிடையாது. எப்போது வேண்டுமானாலும் தாக்கல் செய்யலாம்.

இதற்கு எதிர்ப்பக்கம் போலத் தெரியும் ஒரு தீர்ப்பும் உண்டு. உச்ச நீதிமன்றம் 1961-இல் சொன்னது. வழக்கு வடக்கே, 1946-இல் நடந்த ஒரு விற்பனை பற்றியது. அங்கே பக்கத்துச் சொத்துக்காரர்களுக்கு, விற்பனை நடந்தால் அதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்கும் வழக்காற்று உரிமை ஒன்று இருந்தது. ஆனால் விற்பனை முடிந்த பிறகுதான் கேட்க வேண்டும். பத்திரம் எழுதித் தாக்கலான செய்தி கேள்விப்பட்டதும் அவர்கள் உடனே கேட்டுவிட்டார்கள். பதிவாளர் புத்தகத்தில் பத்திரத்தை நகல் எடுத்து முடித்தது அதற்குப் பிறகு சில நாள் கழித்து. விற்பனை முழுமையானது நகல் முடிந்த அன்றுதான், ஆகவே அவர்கள் முந்திக்கொண்டார்கள், உரிமை போயிற்று. நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து வேற்றுமை இருந்த வழக்கு அது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். பதிவு முடியும் வரை கிரயம் முழுமையில்லை. முடிந்துவிட்டால் அதன் பலன் எழுதிய நாளுக்குத் திரும்பிப் போகிறது.

நான் பள்ளிக்கூடம் படித்தது புதுவையில், பிரெஞ்சு வழியில். பிற்பாடு உத்தியோகம், குடும்பம், ஓய்வு எல்லாம் இந்தப் பக்கம். மேலே சொன்னதைக் கேட்டுக் குழம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் எங்கள் ஊரேதான். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்தது 1954 நவம்பர் 1. ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. பிரான்ஸ் அதை அங்கீகரித்து, பத்திரங்கள் மாற்றிக்கொண்டு, சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. முதலில் அனுபவம் கைமாறியது, பிறகு கிரயம் எழுதியது, பிறகு பதிவு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுவை என்று இந்தியாவோடு சேர்ந்தது என்று கேட்டால், எதற்காகக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

பிரெஞ்சுச் சட்டம் தேதி விஷயத்தில் சந்தேகக்காரச் சட்டம். 1804-ஆம் வருஷத்து சிவில் சட்டத்தில் 'தாத் செர்த்தேன்' என்று ஒன்று சொல்வார்கள். உறுதிப்பட்ட தேதி என்று பொருள். இருவர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட காகிதத்தில் என்ன தேதி போட்டிருந்தாலும் மூன்றாம் மனிதரை அது கட்டுப்படுத்தாது. எப்போது கட்டுப்படுத்தும்? அதைப் பதிவு செய்த நாளிலிருந்து. அல்லது அரசு அதிகாரி எழுதிய வேறொரு ஆவணத்தில் அதன் சாரம் குறிக்கப்பட்ட நாளிலிருந்து. அல்லது கையெழுத்துப் போட்டவரில் ஒருவர் இறந்த நாளிலிருந்து. கடைசியது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் நியாயம் பாருங்கள். செத்தவர் எழுந்து வந்து முன்தேதியிட்டுக் கையெழுத்துப் போட முடியாது. நொத்தேர் எழுதும் பத்திரத்தில் வருஷத்தை எண்ணால் போடாமல் எழுத்தால் எழுதுவதும் இதே சந்தேகத்தால்தான். பழைய பிரெஞ்சுக் காகிதங்களில் இன்னொரு கண்ணி உண்டு. செப்டம்பரை எழுத 7 என்ற எண்ணைப் போட்டு அதன்பின் 'ப்ர்' என்ற எழுத்துகளைச் சேர்ப்பார்கள். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு. தெரியாதவர் ஜூலை என்று படித்துவிடுவார். அதேபோல் 8 போட்டது அக்டோபர், 9 போட்டது நவம்பர்.

நம் சட்டம் அவ்வளவு சந்தேகப்படுவதில்லை. பதிந்துவிட்டால், எழுதிய தேதிக்கே மதிப்புக் கொடுக்கிறது. என் அபிப்பிராயத்தில் நாலு மாதக் கெடு என்ற ஒன்று இருப்பதால்தான் இந்தத் தாராளம் தாங்குகிறது. பதியாத காகிதங்களுக்கு அந்தக் கெடுவும் இல்லை. ஆகவே முன்தேதியிட்டுத் தயாரித்த காகிதங்கள் நம் பக்கம் உலவுவது அதிசயமில்லை. அவற்றை அம்பலப்படுத்துவது பெரும்பாலும் தேதி அல்ல, ஊர்ப் பெயரும் காசும்தான்.

1957 ஏப்ரல் 1-க்கு முன் அணா. அதற்குப் பின்தான் நயா பைசா. 1955 என்று தேதி போட்ட காகிதத்தில் நயா பைசா வந்தால் கீழே வைத்துவிடலாம். நம் ராஜ்யத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14. அதற்கு முன் மதராஸ். இடுக்கி மாவட்டம் பிறந்தது 1972 ஜனவரி 26. அதற்கு முன் தேவிகுளமும் உடும்பன்சோலையும் கோட்டயம் மாவட்டம். தேனி மாவட்டம் 1996-இல் வந்தது; அதற்கு முன் நாம் மதுரைக்காரர்கள். 1985 தேதி போட்ட ஒப்பந்தத்தில் 'தேனி மாவட்டம், போடிநாயக்கனூர்' என்று எழுதியிருந்தால் எழுதியவருக்கு ஞானதிருஷ்டி இருந்திருக்க வேண்டும். மலைக் காகிதங்களில் சக்கரமும் பணமும் வந்தால், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், அது சமஸ்தானக் காலம் என்று கொள்ளலாம்.

முத்திரைத்தாள் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. வாங்கி ஆறு மாதம் ஆனால் செல்லாது என்பார்கள். நம் மாநிலத்து வழக்கு ஒன்றிலேயே, 1980 ஜனவரியில் எழுதிய ஒப்பந்தம், 1973-இல் வாங்கிய ஒரு தாளிலும் 1978-இல் வாங்கிய இன்னொரு தாளிலும் எழுதப்பட்டிருந்தது. 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆறு மாதம் என்பது பயன்படுத்தாத தாளைக் கொடுத்துப் பணம் திரும்பப் பெறுவதற்கான கெடு மட்டுமே, பழைய தாளில் எழுதினாலே செல்லாது என்று சட்டமில்லை. பழைய தாள் சந்தேகத்துக்கு ஒரு காரணமாகலாம், அவ்வளவுதான். தாள் வாங்கிய தேதி பத்திரத் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் அது வேறு கதை. அதற்கு விளக்கமே கிடையாது.

பட்டாவின் தேதியைச் சொத்து வந்த தேதி என்று நினைப்பவர்களும் உண்டு. 1979-இல் தொடங்கி எண்பதுகளின் பிற்பாதி வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் நம் கிராமங்களில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அந்தத் தேதி கணக்குத் திருத்திய தேதி. உரிமை அதற்கு முப்பது வருஷம் முன்பே பத்திரத்தில் வந்திருக்கும்.

மலையில் இது இன்னும் கூர்மையாக இருக்கும். வன நிலத்தில் குடியேறிப் பயிரிட்டவர்களுக்குப் பட்டயம் கொடுக்கக் கேரள அரசு 1993-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. அதில் கெடு 1977 ஜனவரி 1. அதற்கு முன்பே அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். ஆகவே பட்டயத்தில் இருக்கும் தேதி தொண்ணூறுகளிலோ அதற்குப் பிறகோ இருக்கும். உரிமையைத் தாங்கி நிற்பது 1976-ஐயோ அதற்கு முன்பையோ காட்டும் ஏதாவது ஒரு துண்டுக் காகிதம். வரி ரசீதோ, வேறு ஏதோ. பட்டயம் வந்துவிட்டதே என்று பழைய ரசீதுகளைக் கரையானுக்கு விட்டவர்கள் உண்டு.

வீட்டுப் பெண்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது 1989 மார்ச் 25 முதல். அந்த நாளுக்கு முன் கல்யாணமான பெண்களை அது சேர்க்கவில்லை. அவர்களையும் சேர்த்தது மத்தியச் சட்டம், 2005 செப்டம்பர் 9 முதல். ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பத்திரத்தின் மூலமோ நீதிமன்ற ஆணை மூலமோ நடந்துவிட்ட பாகப்பிரிவினையை அது கலைக்காது. அண்ணன்மார் 1998-இல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெள்ளைத்தாளில் பிரித்துக்கொண்டு, அதை 2006-இல் பத்திரமாக்கிப் பதிந்திருந்தால், முதல் வரியில் 1998 என்று எழுதியிருப்பதைக் காட்டித் தங்கையை வெளியே நிறுத்திவிட முடியாது. அந்தப் பத்திரத்தில் பின்பக்கத் தேதியைப் பாருங்கள்.